நலமாக இருந்த குற்றம்

நொங்கோமா,
9 பிப்ரவரி 2003

அன்புத் தங்கை பிலிசிவேக்கு,

உன் அக்கா ஸிபுயிலே எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? டர்பன் புழுக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை லேசில்லை, நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே லிண்டோ சுகம். மாமியார் சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. இந்த வீட்டில் என் மேல் இருக்கும் ஒரே புகார் அதுதான்.

லிண்டோவின் அப்பா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. கறுப்புத் துணியைக் கழற்றவில்லை. குரலை உயர்த்துவதில்லை, புளித்த பாலைத் தொடுவதில்லை, ஆட்கள் கூடும் இடத்தில் நிற்பதில்லை. எல்லா முறையும் செய்கிறேன். ஆனால் துக்கம் காப்பவள் இளைக்க வேண்டுமாம், நான் இளைக்க மாட்டேன் என்கிறேன். வெறும் சோளக்களியும் கீரையும் தின்றே கன்னம் உப்பிக் கிடக்கிறது. ஒரு தும்மல்கூட வருவதில்லை. அவரை நான்தான் துடைத்தேன், நான்தான் தூக்கினேன். கடைசியில் அவர் லிண்டோவின் எடைதான் இருந்தார்.

போன வாரம் கொழுந்தன் மஃபிகா எல்லோர் முன்னாலும் கேட்டான். “அண்ணன் எலும்பாப் போனாரு. நீங்க மட்டும் எப்படி அண்ணி சினைப்பசு மாதிரி மினுமினுன்னு இருக்கீங்க?” சிரித்துக்கொண்டுதான் கேட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரியில் நான் அங்கே வந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, அவருக்கு இருந்த நோய் எனக்கும் இருக்கிறது என்று சொன்னாய். அது எப்போதுதான் வெளியே வரும்? வந்தாலாவது இவர்கள் என்னை நம்புவார்கள் என்று நினைக்கிறேன். திட்டாதே. என்னைத் துரத்தினால் போய்விடுவேன், அதற்கு அஞ்சவில்லை. ஆனால் என்னைப் பெண் எடுக்க நம் வீட்டுக்குப் பதினொரு மாடு கொடுத்திருக்கிறார்கள், அதனால் பிள்ளை இந்த மபாஸோ வீட்டுப் பிள்ளை. லிண்டோவை விடமாட்டார்கள். ஆறு வயதுப் பெண்பிள்ளையை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

அதே நாளில் நீயும் ரத்தம் கொடுத்தாயே, டாக்டர் இருவருடையதையும் ஒப்பிடக் கேட்டார் என்று. உன்னுடையது என்ன ஆயிற்று?

உன் அக்கா,
ஸிபுயிலே


டர்பன்,
2 மார்ச் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லிண்டோவுக்கு என் முத்தம், மாமியாருக்கு என் வணக்கம். நான் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உன் ரத்தப் பரிசோதனைக் காகிதம் இரண்டாம் தடவையும் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி. நோய் உன்னிடம் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. நான் தினமும் பார்க்கும் காகிதங்களில் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஐம்பதாயிரம், இரண்டு லட்சம் என்று வைரஸ் போட்டிருக்கும். உன்னுடையதைப் பார்த்து இயந்திரமே கையை விரித்துவிட்டது. எண்ணும் அளவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு டாக்டர்கள் என் மேசைக்கு வந்து இது யார் என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன், ஏதோ நானே செய்துவைத்த மாதிரி.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ரத்தத்தில் உடம்பின் சிப்பாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்பாய் அணுவின் மேல்தோலிலும் சின்னச் சின்னக் கைகள் முளைத்திருக்கும், அதற்கு ஏற்பி என்று பெயர். எதிரே வரும் ஒவ்வொரு அணுவையும் அந்தக் கை தடவிப் பார்க்கும், மாடு வாங்கப் போகிறவர் மாட்டைத் தடவுவது போல. நல்லது என்றால் விட்டுவிடும். உள்ளே வைரஸ் ஒளிந்திருந்தால் அங்கேயே கொன்றுவிடும். பெரும்பாலானவர்களின் கைகளை இந்த வைரஸ் ஏமாற்றிவிடுகிறது. உன் கைகள் ஏமாறவில்லை என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். முழுதாகத் தெரியாது, இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நூறு பேரில் ஒருவருக்குக் கூட இல்லாதது இது. பிறக்கும்போதே வருவது, அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ. இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

இதை யாரிடமும் சொல்லாதே. மஃபிகா வாயைக் கிளறினால் சோளம் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டுப் போ.

உன்,
பிலிசிவே


நொங்கோமா,
23 மார்ச் 2003

அன்புள்ள பிலிசிவே,

நலமா? உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படித்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பைத்தியம் போல. லிண்டோ கேட்டாள், கையில் முள் குத்திவிட்டதா என்று.

வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத நிலை வந்துவிட்டது. மஃபிகா குறிசொல்லியிடம் போய்வந்திருக்கிறான். இந்த வீட்டில் ஒரு தீ எரிகிறது, அது ஒருத்தியை மட்டும் சுடாது என்று அந்த அம்மாள் சொன்னாளாம். அதற்கு மேல் பெயர் சொல்ல வேண்டுமா என்ன? ஈஸ்டருக்கு மபாஸோ வீட்டார் எல்லோரும் கூடுகிறார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கிழவி லிண்டோவை என் பாயிலிருந்து எடுத்து மாமியார் குடிசையில் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரமாகப் பிள்ளை அங்கேதான்.

ஆஸ்பத்திரி முத்திரை வைத்து ஒரு காகிதம் எழுதிக் கொடு. நான் அவரைக் கொல்லவில்லை, இது என் உடம்பின் அமைப்பு, அவ்வளவுதான் என்று. முத்திரை இருந்தால் இவர்கள் மதிப்பார்கள். ஓய்வூதியக் காகிதத்தையே பைபிளுக்குள் வைப்பவர்கள். எனக்கு நோய் இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்று நீ சொல்வாய். தெரியட்டும். சூனியக்காரி என்ற பெயரைவிட நோயாளி என்ற பெயர் மேல்.

உன் ரத்தத்தைப் பற்றிப் போன தடவையும் கேட்டேன். நீ எழுதவில்லை.

ஸிபுயிலே


டர்பன்,
10 ஏப்ரல் 2003

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒரு வாரம் இடுப்பைச் சுற்றிக் கொப்புளம் வந்து படுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. என்னை வார்டிலிருந்து உட்கார்ந்து எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கால்வலியாவது இல்லை.

நீ கேட்ட காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நோயாளியின் விவரத்தை நர்ஸ் இப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது, தெரிந்தால் வேலை போகும். போனால் போகட்டும். எளிய சொற்களில்தான் எழுதியிருக்கிறேன்: ஸிபுயிலே மபாஸோவின் ரத்தத்தில் நோய் இருக்கிறது, பிறவியிலேயே உடம்பில் உள்ள ஒரு பாதுகாப்பால் அது வளரவில்லை, இது சூனியம் இல்லை. முத்திரையை இரண்டு இடத்தில் குத்தியிருக்கிறேன். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது என்பதால், படிப்பவர் நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும்.

தலை நிமிர்ந்து நில் அக்கா.

பிலிசிவே


மஹ்லபத்தினி,
4 மே 2003

பிலிசிவே,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முகவரியைப் பார். சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். லிண்டோ என்னோடு இல்லை.

ஈஸ்டர் அன்று எல்லோரும் மாட்டுப்பட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கப்படி ஒதுங்கி, தரையில். மஃபிகாதான் உன் காகிதத்தைப் படித்தான். நிதானமாகவே படித்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நோய் இருக்கிறது என்ற இடத்தில் ஒரு முணுமுணுப்பு. பாதுகாப்பு இருக்கிறது என்ற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கோ நிம்மதியாக இருந்தது, புரிந்துகொண்டார்கள் என்று.

மாமியார்தான் முதலில் பேசினார். “வருசா வருசம் நாட்டு மருத்துவரக் கூட்டியாந்து வீட்டுக்குக் காப்புப் போடுறோம். பெரியவங்கள்ல இருந்து கைக்குழந்தை வரைக்கும் ஒரே கத்தியால தோள்ல கீறி, ஒரே கொம்புல இருந்து மருந்து வெக்கிறோம். இவளும்தான் தோளக் காட்டிக்கிட்டு நின்னா. அப்பவே இவகிட்ட தனியா ஒண்ணு இருந்திருக்கு.”

அது அப்படி இல்லை, பிறவியில் வந்தது என்று சொன்னேன். குரலை உயர்த்தக் கூடாதே, பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. மஃபிகாவுக்குக் கேட்டது. “பிறவியில வந்துச்சுன்னா கூடப்பிறந்தவளுக்கும் இருக்கணுமே. உங்க தங்கச்சிக்கு இருக்கா அண்ணி?”

எனக்கு என்ன தெரியும்? இரண்டு தடவை கேட்டு நீ இரண்டு தடவையும் எழுதவில்லை. தெரியாது என்றேன். அவன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மாமியார் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்தார். அழுதுகொண்டே என்னைப் பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிட்டுக் கேட்டார். “எம் புள்ளைக்கு ஏன் குடுக்கல மாசிபியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

என் பாயையும் கம்பளியையும் வேலிக்கு வெளியே வைத்தார்கள். லிண்டோவை யாரோ உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள். அவள் கத்தியது சாலை வரை கேட்டது.

முத்திரை வைத்த காகிதத்தால் என்னைக் கெடுத்துவிட்டாய். நான்தான் கேட்டேன், அதுவும் உண்மை. ஆனால் நீ படித்தவள். வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, இந்த நோயை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பவளுக்கு என்ன தெரியும்? பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

ஸிபுயிலே


மஹ்லபத்தினி,
15 ஜூன் 2003

அன்புள்ள தங்கச்சி,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போடு. நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான்.

போன வாரம் பள்ளிக்கூட வேலிப் பக்கம் போய் நின்றேன். லிண்டோ என்னைப் பார்த்தாள், ஓடி வரவில்லை. வந்தால் அடிப்பேன் என்று மஃபிகா சொல்லியிருக்கிறானாம், இன்னொரு பிள்ளை சொன்னது. அங்கிருந்தே கம்பளிச் சட்டையை விலக்கித் தோளில் ஒரு புதுக் கீறலைக் காட்டினாள். என்னிடமிருந்து காக்கப் போட்ட காப்பு. ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி காட்டினாள்.

ஒரு வார்த்தை எழுது. குளிர் வந்துவிட்டது, காலுறை போட்டுக்கொள்.

உன் அக்கா


டர்பன்,
20 ஜூலை 2003

அன்புள்ள அக்கா,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. கையில் அடிபட்டுவிட்டது, நான் சொல்லச் சொல்ல என்னுடன் வேலை செய்யும் நொகுகானியா எழுதுகிறாள். கொஞ்சம் சளியும் இருக்கிறது. குளிர்காலம்தானே.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. என் தோளிலும் அதே கீறல்கள் இருக்கின்றன. வீட்டுக்கு மொத்தமாகப் போடும் காப்பைத் தவிர ஒருத்தி தனியாக ஒன்று வைத்திருந்தால் நம்மவர்கள் அவளை என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? எழுதும்போது மறந்துவிட்டேன். டாக்டர்கள் முகத்தில் பார்த்த ஆச்சரியத்தையே நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

இங்கே வந்துவிடு. குவாமாஷுவில் என் அறை இரண்டு பேருக்குப் போதும். லிண்டோ விஷயமாக இங்கே ஒரு சமூகநல அம்மாவிடம் பேசியிருக்கிறேன். வழி கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது என்கிறார். அடுத்த வருஷம் அரசாங்கம் இந்த நோய்க்கு மாத்திரை கொடுக்கப்போவதாகப் பேச்சு. உனக்கு அது தேவையே இராது.

உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

பிலிசிவே


டர்பன்,
3 செப்டம்பர் 2003

மதிப்புக்குரிய ஸிபுயிலே அக்காவுக்கு,

வணக்கம். நான் நொகுகானியா, போன கடிதத்தை எழுதியவள். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிலிசிவேக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

அவள் கையில் அடி ஒன்றும் இல்லை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. மே மாதத்திலிருந்து வார்டில் படுத்திருக்கிறாள், எந்த வார்டில் வேலை செய்தாளோ அதே வார்டில். உங்கள் கணவருக்கு வந்ததுதான். யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்த ஆள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஜனவரியில் உங்கள் ரத்தத்தோடு அவளுடையதும் போனது. இரண்டு காகிதமும் ஒரே உறையில் வந்தன. உங்களுடையதில் எண்ணிக்கை இல்லை. அவளுடையதில் நாலு லட்சம். உங்களுக்கு இருக்கும் அந்தக் கைகள் அவளுக்கு வரவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூட அது பூவா தலையா மாதிரிதான். அக்காவிடம் சொல்லு என்றேன். “சொன்னா அவ நல்லா இருக்குறதுக்கு எங்கிட்டயும் மன்னிப்புக் கேப்பா. அது வேணாம்” என்றாள்.

நீங்கள் கூட்டத்தில் பதில் சொல்ல முடியாமல் போனதைப் பற்றி எழுதிய கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அதன் பிறகு மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. உடனே வாருங்கள். நாள் எண்ணும் நிலைதான்.

நொகுகானியா


நொங்கோமா,
12 அக்டோபர் 2003

மாசிபியா,

நான் உன் மாமியார், மாலங்கா. எழுதுவது பள்ளிக்கூட வாத்தியார். உன் தங்கையைப் புதைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். சின்ன வயது. வருத்தம்தான்.

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய். இங்கே மஃபிகா படுத்துவிட்டான். அவன் அண்ணனுக்கு வந்த இருமல். நாட்டு மருத்துவர் இரண்டு பேரை மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போது லிண்டோவும் இருமுகிறாள், ராத்திரியில் உடம்பு நனைந்துவிடுகிறது.

என் பெரிய மகனுக்கு நீ கொடுக்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்கவில்லை, எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இவள் உன் வயிற்றில் பிறந்தவள். இவளுக்காவது கொடு. வாத்தியார் மனைவியோடு பஸ்ஸில் அனுப்புகிறேன். கொடுத்து, தேறியதும் கிறிஸ்துமஸுக்குள் திருப்பி அனுப்பிவிடு. பிள்ளை மபாஸோ பிள்ளை, பதினொரு மாடு வந்திருக்கிறது, மறந்துவிடாதே. தேறிவிட்டாள் என்று தெரிந்தால் நானே ஆள் அனுப்புவேன்.

மாலங்கா


எஷோவே,
16 நவம்பர் 2003

அன்புள்ள ஸிபுயிலே அக்கா,

நலமா? மாற்றலாகி இங்கே வந்தும் உங்கள் நினைவுதான். குவாமாஷு அறையில் பிலிசிவேயின் உடுப்பு இன்னும் ஆணியில் தொங்குகிறதா? எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா, பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

லிண்டோவின் ரத்தக் காகிதத்தை டர்பனிலிருந்து இங்கே எனக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அந்த நோய் இல்லை. இரண்டு தடவை பார்த்தாயிற்று. இருமல் வெறும் காசநோய், மஃபிகாவிடமிருந்து வந்திருக்கும். ஆறு மாதம் மாத்திரையை விடாமல் கொடுத்தால் போதும். இப்போதே இருமல் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். சமூகநல அம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்: தேறிய பிள்ளையை அவர்கள் கேட்டால், கையில் கோர்ட் காகிதம் இல்லாத உங்களால் தடுக்க முடியாது.

உங்கள் கைகள் அவளுக்கு வந்திருக்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்க முடியும். நான் பார்க்கச் சொல்லமாட்டேன். பிலிசிவே தன்னுடையதைப் பார்த்துவிட்டு, கடைசி வரை அந்தக் காகிதத்தை மேசைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

நொகுகானியா


குவாமாஷு, டர்பன்,
30 நவம்பர் 2003

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மருமகள் மாசிபியா மண்டியிட்டு எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மஃபிகா தம்பி எழுந்து உட்காருகிறாரா? லிண்டோ உங்களைத் தினமும் கேட்கிறாள். இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஈஸ்டர் கூட்டத்தில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அன்று நான் சொன்னது பொய். என்னிடம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. உங்கள் மகனுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. என் தங்கைக்கும் கொடுக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கொடுக்கவில்லை. வளர்ந்தவர்கள் உடம்பில் அது ஏறாது அம்மா. குழந்தைக்குத்தான் ஏறும்.

லிண்டோவுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே நாளில் கொடுப்பதல்ல. நான் தூங்கும் கூரையின் கீழ் அவள் தூங்க வேண்டும், என் கையால் சாப்பிட வேண்டும், நாளுக்குக் கொஞ்சமாக இறங்கும். அவள் பெரியவளாகி உட்காரும் வரைக்கும் ஆகும். பாதியில் நிறுத்தினால் கொடுத்தது அத்தனையும் அவள் மேலேயே திரும்பிவிடும். அதனால் கிறிஸ்துமஸுக்கு அனுப்ப முடியாது. ஆளும் அனுப்ப வேண்டாம். பாதியில் பறித்துக்கொண்டு போனால் உங்கள் மகனின் கடைசி ரத்தமும் போய்விடும்.

மஃபிகாவை மட்டும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அந்த இருமலுக்கு அங்கே மாத்திரை உண்டு. மற்ற எதிலும் என்னை நம்ப வேண்டாம், இதில் நம்புங்கள்.

இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்து மாட்டுப்பட்டி வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தீர்களோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், இனி மறுக்க மாட்டேன். பிள்ளை என்னோடு இருக்கட்டும்.

நான் நலமாக இருக்கிறேன்.

மாசிபியா